செஸ் என்ஜின் போட்டி: ஒரே கணினி, ஒரே நேரம் கொடுத்தால் போதுமா?

கேள்வி இதுதான் (செஸ் என்ஜின் என்றால் செஸ் ஆடும் கணினி நிரல்): "என் மடிக்கணினியில் இரண்டு செஸ் என்ஜின்களை 20 ஆட்டம் மோதவிட்டேன். முதல் என்ஜினுக்கு 6 வெற்றி, 3 தோல்வி, மீதி 11 டிரா. இரண்டுக்கும் ஒரே கணினி, ஒரே நேரம். அப்படியானால் முதல் என்ஜின்தான் பலமானது என்று சொல்லலாம்தானே? போட்டி நியாயமாக நடக்க வேறு என்ன பார்க்க வேண்டும்?"

முதல் பாதிக்குப் பதில்: சொல்ல முடியாது. 11 டிராவைத் தள்ளிவிட்டால் கையில் இருப்பது 9 ஆட்டம். ஒரு நாணயத்தை ஒன்பது முறை சுண்டிப் பாருங்கள். பூவோ தலையோ, ஏதாவது ஒரு பக்கம் ஆறு தடவையோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 512-க்கு 260. பாதிக்கும் கொஞ்சம் அதிகம். ஒரே என்ஜினை நகலெடுத்து, இரண்டு பெயர் வைத்து மோதவிட்டு, ஒன்பது ஆட்டத்தில் வெற்றி தோல்வி கண்டிருந்தாலும், இரண்டில் ஒரு தடவை 6-3 அல்லது அதைவிடப் பெரிய 'வெற்றி' வந்திருக்கும். உங்கள் என்ஜின் உண்மையிலேயே பலமானதாக இருக்கலாம். இந்த 20 ஆட்டம் அதற்குச் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

இரண்டாவது பாதிதான் சுவாரசியமானது. 'ஒரே கணினி, ஒரே நேரம்' என்று கேட்டதும் நியாயம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் என்ஜின் போட்டிகள் தொடங்கிய நாளிலிருந்தே சண்டை இதைப் பற்றித்தான்.

1974-ல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. ஜெயித்தது சோவியத் நிரலான கைஸா. வேடிக்கை என்னவென்றால், அது ஓடிய கணினி ஸ்டாக்ஹோமிலேயே இல்லை, மாஸ்கோவில் இருந்தது. நகர்த்தல்கள் தொலைபேசியில் போய் வந்தன. நிரலும் அது ஓடும் இயந்திரமும் சேர்ந்தே ஒரு போட்டியாளர் என்பதுதான் அன்றைய எண்ணம். இன்னொருவருடைய கணினியில் உங்கள் நிரலை ஓட்டிக்காட்டு என்று கேட்டிருந்தால் பெரும்பாலானவர்களால் முடிந்திருக்காது. நாற்பது ஆண்டு தள்ளி, 2015-ல் லெய்டனில் நடந்த அதே சாம்பியன்ஷிப்பை ஜானி என்ற என்ஜின் வென்றது. அது ஓடியது 2400 கோர்களில். கோர் என்பது செயலிக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி.

இது அநியாயமா? கேள்வியைப் பொறுத்தது. 'இன்றைக்கு உலகத்திலேயே நன்றாக செஸ் ஆடும் அமைப்பு எது' என்பது கேள்வியானால் இதில் அநியாயம் எதுவும் இல்லை. ஒரு தேடலை ஆயிரக்கணக்கான கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவை ஒன்றின் வேலையை இன்னொன்று திரும்பச் செய்யாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. அதுவும் நிரலாளரின் திறமைதான். 'எந்த நிரல் நன்றாக எழுதப்பட்டது' என்பது கேள்வியானால், அந்த 2400 கோர் முடிவையே கெடுத்துவிடும். அதனால்தான் 2010-லிருந்து, எல்லா நிரல்களும் ஒரே மாதிரிக் கணினியில் ஆடும் மென்பொருள் சாம்பியன்ஷிப் தனியாக நடத்தப்பட்டது. இரண்டும் நியாயமான போட்டிகள்தான். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

ஆக, எதையாவது சமமாக்கும் முன்பு, எதை அளக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் இல்லாத எதுவும் முடிவைப் பாதிக்கக் கூடாது. நியாயம் என்று நான் நினைப்பது இவ்வளவுதான்.

இதற்கு ஆல்ஃபாஜீரோவை விட நல்ல உதாரணம் கிடையாது. 2017 டிசம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் ஒரு கட்டுரையை வெளியிட்டது. அவர்களுடைய என்ஜினான ஆல்ஃபாஜீரோவும், அன்றைய பலமான என்ஜின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் 8-ம் 100 ஆட்டம் ஆடின. ஆல்ஃபாஜீரோவுக்கு 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. உலகமே வாயைப் பிளந்தது. என்ஜின்காரர்கள் மட்டும் நிபந்தனைகளைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள்.

ஏன் என்று பாருங்கள். ஸ்டாக்ஃபிஷுக்கு 64 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் கணக்கு இழைகள்) கொடுத்திருந்தார்கள், தாராளம்தான். ஆனால் ஹாஷ் 1 ஜிபி மட்டும். ஹாஷ் என்பது என்ஜின் ஏற்கெனவே அலசிய நிலைகளைக் குறித்து வைக்கும் நினைவகம். 64 த்ரெட் சேர்ந்து நொடிக்குக் கோடிக்கணக்கான நிலைகளை அலசும்போது 1 ஜிபி மளமளவென்று நிரம்பிவிடும். எழுதியதை அழித்து அழித்து மேலே எழுத வேண்டியதுதான். அடுத்தது நேரம்: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கட்டாயமாக ஒரு நிமிடம். பார்க்க இதைவிடச் சமமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின்களில் நேரத்தைப் பங்கிடுவதே ஒரு தனிக் கலை. ஒரே ஒரு உருப்படியான நகர்த்தல் இருக்கும் இடத்தில் அரை நொடியில் ஆடிவிட்டு, மதிப்பீடு திடீரென்று சரியும் இடத்தில் பல மடங்கு நேரம் எடுத்து யோசிக்கும். பல வருடம் செதுக்கிய அந்தத் திறமையை, எல்லா நகர்த்தலுக்கும் ஒரே நிமிடம் என்ற விதி அடியோடு வெட்டிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே விதி, ஒரு பக்கத்துக்கு மட்டும் நஷ்டம்.

அப்புறம் 2018 டிசம்பரில் முழுக் கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வந்தது. இந்த முறை விமர்சனங்களைக் காதில் வாங்கியிருந்தார்கள். ஆளுக்கு 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 விநாடி கூடுதல், ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி ஹாஷ், சிசிஜி டேபிள்பேஸ் (சில காய்களே மிச்சமிருக்கும் நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணை). ஆட்டம் 1000. முடிவு: ஆல்ஃபாஜீரோவுக்கு 155 வெற்றி, 6 தோல்வி, 839 டிரா. எலோ என்பது ஆடுபவரின் பலத்தைக் காட்டும் தரப்புள்ளி. அந்தக் கணக்கில் பார்த்தால், டிராவுக்கு அரைப் புள்ளி வைத்து, முதல் போட்டியின் 64 சதவீதம் சுமார் 100 எலோ வித்தியாசம், இரண்டாவதன் 57.45 சதவீதம் சுமார் 52. ஜெயித்தவர் மாறவில்லை, இடைவெளி பாதியானது. முதல் போட்டி வெறும் 100 ஆட்டம் என்பதால் அந்த 100 எலோவைச் சுற்றியே இரு பக்கமும் முப்பது எலோவுக்கு மேல் ஊசலாட்டம் உண்டு. அதனால் சரிவு மொத்தத்துக்கும் நிபந்தனைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கட்டுரை வந்தபோது முணுமுணுத்தவர்கள் பொறாமையில் பேசவில்லை என்பது தெரிந்துபோனது.

ஆல்ஃபாஜீரோ இன்னொரு தலைவலியையும் கொண்டுவந்தது. அது ஓடியது டிபியு என்ற, நரம்பு வலைப்பின்னலுக்கென்றே செய்த கூகுள் சில்லில்; ஸ்டாக்ஃபிஷ் ஓடியது சிபியு என்ற சாதாரணச் செயலியில். அதே வழியில் வந்த லீலா என்ஜினுக்கு ஜிபியு (வரைகலைச் செயலி) வேண்டும். சிபியுவில் ஓடும் என்ஜினுக்கும் ஜிபியுவில் ஓடும் என்ஜினுக்கும் 'சமமான கணினி' என்றால் என்ன? விலையில் சமமா, மின்சாரச் செலவில் சமமா, தயாரித்த ஆண்டில் சமமா? விலை என்றால் எந்த மாதத்து விலை? எதைப் பிடித்தாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். இதற்காகப் புழக்கத்தில் வந்த ஒரு அளவுதான் லீலா விகிதம். ஆல்ஃபாஜீரோவின் முதல் கட்டுரையில் ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளையும் ஆல்ஃபாஜீரோ 80,000 நிலைகளையும் அலசின; வகுத்தால் 875. உங்கள் கணினியில் லீலாவின் வேகத்தை ஸ்டாக்ஃபிஷின் வேகத்தால் வகுத்து 875-ஆல் பெருக்குங்கள். 1 வந்தால் அந்தக் கட்டுரையில் இருந்த அதே சமநிலை; 1-க்கு மேல் போனால் கணினி லீலாவுக்குச் சாதகம். இதில் இயற்கை விதி எதுவும் இல்லை. யாரோ ஒரு முறை வைத்த ஒரு புள்ளியை எல்லோரும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். லீலா நிலைகளை மதிப்பிடப் பயன்படுத்தும் நரம்பு வலைப்பின்னல் பெரிதாகி, நொடிக்கு அலசும் நிலைகள் குறைந்தால் விகிதம் தானாகச் சரிந்துவிடும், கணினியில் ஒரு திருகாணிகூட மாறாமல். ஆனாலும் ஒரு எண்ணாவது இருப்பது நல்லது. எண் இருந்தால்தான் எதிர்த்துப் பேச முடியும்.

சரி, உங்கள் மடிக்கணினிக்கு வருவோம்.

மடிக்கணினியின் முதல் எதிரி சூடு. ஒருமுறை நான் நான்கு என்ஜின்களை வரிசையாக ஒன்றோடொன்று மோதவிட்டு இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் முடிவைப் பார்த்தபோது ஒரு என்ஜின் எதிர்பார்த்ததை விட மோசமாக ஆடியிருந்தது. ஆட்டப் பதிவைத் திறந்து நொடிக்கு எத்தனை நிலை அலசியது என்ற எண்களைப் பார்த்தேன். முதல் ஆட்டங்களில் இருந்த வேகம் கடைசி ஆட்டங்களில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருந்தது. மடிக்கணினி சூடேறி, தானாகவே கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இரண்டு என்ஜின் மட்டும் மாறி மாறி ஆடினால் இந்தச் சுமை இருவருக்கும் ஏறக்குறையச் சமமாகவே விழும். நான் செய்த தவறு, ஒரு ஜோடியின் எல்லா ஆட்டங்களையும் முடித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனது. மாலையில் ஆடியவர்களும் விடியற்காலையில் ஆடியவர்களும் ஒரே கணினியில் ஆடவே இல்லை. ஜோடிகளைக் கலந்து, சுற்றுச் சுற்றாக ஆடவிட்டிருக்க வேண்டும்.

இப்போது வரும் பல மடிக்கணினிகளில் இரண்டு வகைக் கோர்கள் இருக்கின்றன: வேகமானவை சில, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பவை சில. எந்த நிரல் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று இயங்குதளம் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். ஒரு என்ஜின் வேகமான கோரிலும் மற்றது மெதுவான கோரிலும் போய் உட்கார்ந்தால், 'ஒரே கணினி' என்று நீங்கள் சொல்வது பெயரளவுக்குத்தான் உண்மை. என்ஜின்களை வேகமான கோர்களோடு கட்டிவைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஹைப்பர்த்ரெடிங், அதாவது ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி, தரும் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 8 த்ரெட் என்று காட்டும் கணினியில் நிஜமான கோர் நான்காக இருக்கலாம். ஒரே சமயத்தில் எத்தனை ஆட்டம் ஓட்டலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி: ஓடும் த்ரெட்களின் கூட்டுத்தொகை நிஜக் கோர்களின் எண்ணிக்கையை விட ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும். அந்த ஒரு கோர் இயங்குதளத்துக்கும், ஆட்டத்தை நடத்தும் நிரலுக்கும். போட்டி ஓடும்போது அதே கணினியில் படம் பார்ப்பது, வைரஸ் சோதனை ஓடவிடுவது எல்லாம் வேண்டாம். சொல்லத் தேவையில்லைதான், ஆனால் எத்தனையோ 'ஆச்சரிய' முடிவுகளுக்குப் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது.

பாண்டர் என்ற வசதியை, அதாவது எதிராளி யோசிக்கும்போது தானும் யோசிப்பதை, அணைத்து வையுங்கள். ஒரே கணினியில் இரண்டும் பாண்டர் செய்தால் எப்போதும் இரண்டு என்ஜினும் ஓடிக்கொண்டிருக்கும், கோருக்கு அடித்துக்கொள்ளும். தனித்தனிக் கணினி இருந்தால் பாண்டர் தாராளமாக இருக்கலாம்.

ஹாஷ் அளவை நீங்களே குறிப்பிடுங்கள். ஸ்டாக்ஃபிஷ் சொல்லாமல் விட்டால் 16 எம்பி எடுத்துக்கொள்ளும். வேறொரு என்ஜின் தானாக வேறு அளவு எடுத்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் மட்டும் போதாது, அந்த அளவு நேரத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான என்ஜின்கள் யோசிக்கும்போது ஹாஷ் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு நிரம்பியது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நடு ஆட்டத்திலேயே அது முழுக்க நிரம்பிக் கிடந்தால் ஹாஷை ஏற்றுங்கள், அல்லது நேரத்தைக் குறையுங்கள். அதற்காகக் கணினியின் மொத்த நினைவகத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, இயங்குதளம் வட்டில் எழுதி எழுதிப் படிக்கும் நிலைக்கும் தள்ளிவிடாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது, என்ஜினின் எந்தப் பதிப்புக் கோப்பை இறக்கினீர்கள் என்பது. ஒரே ஸ்டாக்ஃபிஷ் பல வடிவில் கிடைக்கும்: பழைய செயலிக்கு ஒன்று, ஏவிஎக்ஸ்2 உள்ள செயலிக்கு ஒன்று, பிஎம்ஐ2 உள்ளதற்கு ஒன்று. (ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 இரண்டும் செயலியின் கூடுதல் கட்டளைத் தொகுப்புகள்.) நரம்பு வலைப்பின்னலால் மதிப்பிடும் இன்றைய என்ஜின்களில் தவறான வடிவம் வேகத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். ஒரு என்ஜினுக்கு ஏற்ற வடிவமும் இன்னொன்றுக்கு எல்லாச் செயலிக்கும் பொதுவான வடிவமும் போட்டுவிட்டு ஆட்டத்தை எண்ணுவது, ஒருவன் காலில் கல்லைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது போல. இதிலும் சூட்சுமம் உண்டு. ஏஎம்டியின் ஜென் 3-க்கு முந்தைய செயலிகளில் பிஎம்ஐ2-வின் ஒரு முக்கியக் கட்டளை மிக மெதுவாக ஓடும். அங்கே 'புதிய' பிஎம்ஐ2 வடிவத்தை விடப் 'பழைய' ஏவிஎக்ஸ்2 வடிவமே வேகம். ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஸ்டாக்ஃபிஷில் 'பெஞ்ச்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது சில நிலைகளை ஒரு த்ரெட்டில் குறிப்பிட்ட ஆழம் (எத்தனை நகர்த்தல் முன்னே பார்க்கிறது என்பது) வரை அலசி, மொத்தம் எத்தனை நிலை, நொடிக்கு எத்தனை நிலை என்று இரண்டு எண்ணைக் காட்டும். மொத்த எண் எந்தக் கணினியிலும், எந்த வடிவத்திலும் மாறக் கூடாது. மாறினால் உங்களிடம் இருப்பது வேறு பதிப்பு அல்லது கெட்டுப்போன கோப்பு. வேக எண்தான் கணினிக்குக் கணினி மாறும். போட்டிக்கு முன்னும் பின்னும் அதை ஓட்டிக் குறித்து வைத்தால் சூட்டுப் பிரச்சினையும் பிடிபடும்.

நேரத்துக்கு வருவோம். மேலே சொன்ன காரணத்துக்காக, நகர்த்தலுக்கு இத்தனை நொடி என்று கட்டாதீர்கள். அடிப்படை நேரமும் நகர்த்தலுக்குக் கூடுதலும் கொடுங்கள். ஒரே ஆழம் வரை தேடச் சொல்வது அதைவிட மோசம். ஒரு என்ஜினின் 20-ம் இன்னொன்றின் 20-ம் ஒரே ஆழம் அல்ல. கிளைகளை எவ்வளவு வெட்டுகிறது, எங்கே நீட்டுகிறது என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் பொருளே மாறும். மிகக் குறுகிய நேரத்துக்குப் போனால் இன்னொரு வம்பு: விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பு சுமார் 15.6 மில்லி விநாடிக்கு ஒரு முறை. நகர்த்தலுக்கு 100 மில்லி விநாடி கூடுதல் கொடுக்கும் ஆட்டத்தில் அதுவே ஆறில் ஒரு பங்கு. ஸ்டாக்ஃபிஷ் இதற்கென்று நகர்த்தலுக்கு 10 மில்லி விநாடியை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். எல்லா என்ஜினுக்கும் அந்த முன்னெச்சரிக்கை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆட்டப் பதிவில் 'நேரம் தீர்ந்து தோல்வி' என்று ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் எண்ணுவதை நிறுத்துங்கள். அது செஸ் தோல்வி அல்ல. அந்த ஆட்டத்தைத் தூக்கிவிட்டுக் கணக்குப் போடுவதும் தவறு. நேரத்தைக் கூட்டி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

இனி ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள். இதில்தான் உங்கள் 20 ஆட்டம் மேலும் பலவீனமாகிறது என்று சந்தேகப்படுகிறேன். தொடக்க நிலையிலிருந்து அப்படியே ஆடவிட்டால் என்ஜின்கள் திரும்பத் திரும்ப ஒரே சில வழிகளில் போகும். ஒரு த்ரெட்டில் ஓடும் என்ஜின் பெரும்பாலும் ஒரே நிலைக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும். 20 ஆட்டத்தில் ஐந்தாறு மற்றவற்றின் நகலாக இருந்தால் உங்களிடம் 20 ஆட்டம் இல்லை. பதிவைத் திறந்து முதல் பதினைந்து நகர்த்தல்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்ஜின் தன்னுடைய சொந்த ஓப்பனிங் புத்தகத்தோடு வந்தால் அதையும் அணையுங்கள். 'முழு அமைப்பையும் சோதிக்கிறேன்' என்பது உங்கள் கேள்வியானால் மட்டும் விடலாம். முந்தைய ஆட்டங்களிலிருந்து கற்றுக் கோப்பில் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும்தான். 1990-களில் தரவரிசைப் பட்டியல்களைச் சுற்றி எழுந்த பெரிய புகாரே இது: எதிராளி என்ஜினின் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்து, அதே தோற்கும் வழிக்கு அதைத் திரும்பத் திரும்ப இழுக்கும் புத்தகங்கள். நூறு ஆட்டம் ஜெயித்ததாகக் காட்டும், உள்ளே பார்த்தால் நாலே ஆட்டம்.

சரியான வழி, வெளியிலிருந்து ஒரு ஓப்பனிங் தொகுப்பைக் கொடுத்து, ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை ஆடவிடுவது: ஒருமுறை இது வெள்ளை, மறுமுறை அது வெள்ளை. டிசிஇசி என்ற என்ஜின் போட்டித் தொடரின் இறுதிச் சுற்றும் இப்படித்தான். 50 ஓப்பனிங், 100 ஆட்டம். ஜோடியாக ஆடினால் ஓப்பனிங் ஒருதலைப்பட்சமாக இருந்தாலும் நியாயம் கெடாது. இருவருக்கும் அதே நல்ல பக்கம் ஒருமுறை, கெட்ட பக்கம் ஒருமுறை.

சொல்லப்போனால் இன்று வேண்டுமென்றே ஒருதலைப்பட்சமான ஓப்பனிங்கைத்தான் தேடுகிறார்கள். பலமான என்ஜின்கள் சமமான நிலையில் தொடங்கினால் கிட்டத்தட்ட எல்லாம் டிராதான். ஆயிரம் டிராவைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? மனிதர்கள் உண்மையில் ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்குத் தெளிவான மேல்கை இருந்தும் வெற்றி உறுதியில்லாத நிலைகளாகப் பொறுக்கிய தொகுப்புகள் கிடைக்கின்றன. அந்த விளிம்பில்தான் ஆள் யாரென்று தெரியும். ஒருவர் வெள்ளையில் வென்று, கறுப்பில் டிரா பிடித்தால் அந்த ஜோடி அவருக்கு. இருவரும் வெள்ளையில் வென்றால் ஒன்றுக்கொன்று சரி. அதனால் கணக்கும் ஆட்டத்துக்கு அல்ல, ஜோடிக்குத்தான்: 0, அரை, 1, ஒன்றரை, 2 என்று ஐந்து விதமான முடிவுகள். தனித்தனி ஆட்டமாக எண்ணினால் பிழையளவைத் தவறாகக் கணிப்பீர்கள்.

ஆட்டத்தை எப்போது நிறுத்துவது, முடிவை யார் அறிவிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரத்தை மிச்சப்படுத்த, 'இரண்டு என்ஜினும் இத்தனைக்கு மேல் மதிப்பீடு காட்டினால் வெற்றி' என்று விதி வைப்பார்கள். இதில் எண்ணின் பொருள் என்ஜினுக்கு என்ஜின் வேறு. ஸ்டாக்ஃபிஷ் 15.1-லிருந்து +1.00 என்றால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று அளவுகோலையே மாற்றி வைத்தார்கள். இன்னொரு என்ஜினின் +1.00 வெறும் ஒரு சிப்பாய் மிச்சம் என்பதாக இருக்கலாம். அதனால் இருவரும் பல நகர்த்தல்களுக்குத் தொடர்ந்து ஒத்துக்கொண்டால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், வரம்பையும் தாராளமாக வையுங்கள். சிசிஜி டேபிள்பேஸ் வைத்துத் தீர்ப்பு சொல்வது பாதுகாப்பானது. 5 காய் வரை சுமார் 1 ஜிபி, 6 காய் வரை சுமார் 150 ஜிபி. என்ஜின்களுக்கே அதைக் கொடுப்பதானால் எஸ்எஸ்டியில் வையுங்கள். சுழலும் வட்டில் வைத்தால் தேடலே தடுமாறும்.

கடைசியாக எண்ணிக்கை. 6-3-11 என்றால் 20-க்கு 11.5 புள்ளி, 57.5 சதவீதம். மேலே ஆல்ஃபாஜீரோவின் இரண்டாவது போட்டியில் என்ன வந்தது? 57.45 சதவீதம். கிட்டத்தட்ட அதே எண்! இரண்டையும் எலோவாக்கினால் இரண்டும் 52 பக்கம் வரும். ஆனால் 1000 ஆட்டத்தில் அந்த 52-ன் பிழையளவு இரு பக்கமும் எட்டு எலோ போல. உங்கள் 20 ஆட்டத்தில் இரு பக்கமும் நூறு எலோ. உங்கள் என்ஜின் 150 எலோ பலமாக இருக்கலாம், 50 எலோ பலவீனமாகவும் இருக்கலாம். பாதி ஆட்டம் டிராவாகும் என்று வைத்துக்கொண்டால், 100 ஆட்டத்துக்குப் பிழை சுமார் 48 எலோ, 1000-க்கு 15, 10,000-க்கு 5. பிழையைப் பாதியாக்க ஆட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். கசப்பான கணக்கு, ஆனால் குறுக்குவழி இல்லை.

பெரிய போட்டிகளும் இதிலிருந்து தப்பவில்லை. 2019 பிப்ரவரியில் முடிந்த டிசிஇசி 14-வது சீசன் இறுதியில் ஸ்டாக்ஃபிஷ் லீலாவை 50.5-49.5 என்று வென்றது: 10 வெற்றி, 9 தோல்வி, 81 டிரா. அடுத்த சீசனில் லீலா 53.5-46.5 என்று பதிலடி கொடுத்தது. இரண்டுமே நிஜமான பட்டங்கள். ஆனால் முதல் முடிவை வைத்து ஸ்டாக்ஃபிஷ்தான் பலசாலி என்று சொன்னால், மூன்றரை எலோ வித்தியாசத்தை முப்பது எலோ பிழையுள்ள தராசில் நிறுத்துகிறீர்கள். போட்டி வேறு, அளவீடு வேறு. போட்டி யாருக்காவது கோப்பையைக் கொடுத்தே ஆக வேண்டும். அளவீடு 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்லலாம், பல நேரம் அதைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன.

எத்தனை ஆட்டம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கோரைப் பார்த்து, பிடித்த என்ஜின் முன்னால் இருக்கும்போது நிறுத்துவது, தெரியாமல் செய்தாலும் ஏமாற்றுதான். இடையில் நிறுத்தும் சுதந்திரம் வேண்டுமென்றால் அதற்கென்றே புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் 1940-களில் உருவாக்கிய தொடர்முறைச் சோதனை இருக்கிறது. 2013-லிருந்து ஓடும் ஸ்டாக்ஃபிஷின் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனை அமைப்பு அதைத்தான் பயன்படுத்துகிறது. தன்னார்வலர்களின் கணினிகளில் ஆட்டங்கள் ஓடும். ஒவ்வொரு கணினியின் வேகத்தையும் முதலில் அளந்து, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கும். வெவ்வேறு கணினியில் ஒரே நேரம் கொடுப்பது அநியாயம், வெவ்வேறு நேரம் கொடுப்பதுதான் நியாயம். ஸ்டாக்ஃபிஷ் நிரலில் செய்யும் ஒரு மாற்றம் முதலில் 10 விநாடி + 0.1 விநாடியில் தேற வேண்டும், அப்புறம் 60 + 0.6-ல். சாட்சியம் கூடிக்கொண்டே போய் ஒரு எல்லையைத் தொட்டால் ஏற்பு, எதிர் எல்லையைத் தொட்டால் நிராகரிப்பு. அதுவரை ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், சில நேரம் லட்சத்தையும் தாண்டி.

உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இரண்டுக்கும் ஒரு த்ரெட், 64 எம்பி ஹாஷ், பாண்டர் இல்லை, சொந்தப் புத்தகம் இல்லை, 10 விநாடி + 0.1 விநாடி, 500 ஓப்பனிங், ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும். ஒரு ஆட்டம் அரை நிமிடம் போல ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாலும் 1000 ஆட்டம் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டு, மின்சேமிப்பை அணைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஆனால் முதல் ராத்திரி உங்கள் இரண்டு என்ஜினையும் மோதவிடாதீர்கள். ஒரே என்ஜினின் ஒரே கோப்பை இரண்டு பெயரில் சேர்த்து, அதை அதோடே ஆடவிடுங்கள். ஓப்பனிங் ஜோடி, நேரம், ஹாஷ், கோர் எல்லாம் ஒழுங்காக இருந்தால் முடிவு 500-500-ஐ ஒட்டி வர வேண்டும். 490-510 வந்தால் கவலை இல்லை. 550-450 வந்தால் பட்டியலில் முதல் பெயருக்கோ வெள்ளைக்கோ ஏதோ ஒரு கோருக்கோ உங்களுக்குத் தெரியாமல் ஒரு சலுகை போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை அடுத்த என்ஜினைத் தொடாதீர்கள். இரண்டாவது ராத்திரி உங்கள் இரண்டு என்ஜினையும் இறக்குங்கள். பழைய 57.5 சதவீதம் ஆயிரம் ஆட்டத்திலும் அப்படியே நின்றால் அப்போது சொல்லலாம், முதல் என்ஜின்தான் பலமானது என்று. கூடவே நேரம், த்ரெட், ஹாஷ், ஓப்பனிங் தொகுப்பு, பதிப்பு எண் ஐந்தையும் எழுதி வைத்தால், சந்தேகப்படுகிறவர் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்வார்.